ஊத்துக்கரட்டுப் படிகமும் மூன்று டார்ச்சுகளும்

"உள்ளே இறங்குவதற்கு முன் ஒரு போட்டோ!" என்றார் டாக்டர் குலசேகரன்.

"ஒரு உசுரு உள்ள கெடக்குதுங்க!" என்றாள் போதுமணி.

"அதனால்தான் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்."

காங்கேயத்துக்குத் தெற்கே, புல்கூட வெட்கப்பட்டு முளைக்காத ஒரு மொட்டைப் பாறைக் குன்று ஊத்துக்கரடு. அதன் இடுப்பில் ஒரு பழைய சுரங்கத்தின் வாய். ரேடியோப் பெட்டிக்குப் படிகம் வேண்டுமென்று வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ குடைந்ததாகச் சொல்வார்கள். கிடைத்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. உள்ளே ஆள் உயரப் படிகம் இருக்கிறது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். உள்ளே போய்ப் பார்க்காதவர்களுக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும்.

அந்த வாயின் முன்னால்தான் மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

போட்டோவுக்குச் சிரித்தவர் டாக்டர் குலசேகரன். அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது அகில உலகப் படிக ஆற்றல் பேரவை. அந்தப் பேரவையின் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஒரே வீட்டில் வசித்தார்கள். ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டார்கள். சர்க்கரைக்கும் மூட்டுவலிக்கும் மாமியார் தொல்லைக்கும் அவர் படிகம் கொடுப்பார். கழுத்தில் நூற்றெட்டு மணி ஸ்படிக மாலை. இடுப்பில் தங்க வர்ணம் பூசிய சுத்தியல்.

போட்டோ எடுத்தவர் கல் தரகர் யாசின் ராவுத்தர். இருபத்தைந்து வருஷமாக வியாபாரத்தில் பொய்யையே கேட்டுப் பழகியதால், உண்மையைக் கேட்டால் சந்தேகப்படுகிற மனிதர்.

போதுமணிக்கு இருபத்தாறு வயது. காங்கேயத்தில் ஒரு பட்டறையில் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறாள். நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததால் 'போதும்' என்று வைத்த பெயர். அடுத்த பிரசவத்தில் தம்பி தவசியப்பன் பிறந்தான். பெயர் வேலை செய்துவிட்டது என்று குடும்பமே பூரித்தது. என் பெயரால் வந்தவன், எனவே என் சொத்து என்று போதுமணி எடுத்துக்கொண்டாள்.

அந்தச் சொத்துதான் இப்போது சுரங்கத்துக்குள் இருந்தது. மழை ஓய்ந்தால் காடுமேடெல்லாம் கல் பொறுக்கித் திரிகிறவன் தவசி. வருகிற ஞாயிற்றுக்கிழமை 'உலகின் மாபெரும் நோய்தீர்க்கும் படிகம்' என்று விழா வைத்துப் பந்தலும் போட்டுவிட்ட டாக்டர், படிகம் மட்டும் கைவசம் இல்லாத சிறு குறையைத் தீர்க்க, முந்தின நாள் காலையில் அவனை ரகசியமாக உள்ளே அனுப்பியிருந்தார். கரூருக்குப் போகிறேன் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் போனவன் திரும்பவில்லை. டாக்டரும் யாரிடமும் மூச்சு விடவில்லை. விழா ரகசியம்! தவசி டாக்டரின் காரில் ஏறியதைப் பார்த்த ஞாபகம் யாசினுக்கு வந்திருக்காவிட்டால், டாக்டர் இந்நேரமும் கண்ணாடிக்கு முன்னால் நின்று நன்றியுரையைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பார்.

தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியாயிற்று. வேறொரு ஊரில் கிணற்றில் விழுந்தவரைத் தூக்கிக்கொண்டிருக்கிறோம், முடிந்ததும் வருகிறோம் என்றார்கள். ஆனால் மேற்கே வானம் கன்னங்கரேலென்று திரண்டிருந்தது. கரட்டின் மேல் விழும் மழையெல்லாம் இந்த வாய்க்குள்தான் இறங்கும். மழை வந்தால் இது சுரங்கம் இல்லை, கிணறு.

"வண்டி வர்ற வரைக்கும் மேகம் காத்திருக்காது பாய்," என்றாள் போதுமணி. கயிற்றின் ஒரு நுனியை வெளியே நின்ற வெள்வேல மரத்தில் கட்டினாள். "வாங்க!"

மூவரும் குனிந்து நுழைந்தார்கள். மூன்று டார்ச்சு, ஒரு கயிறு, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு தங்கச் சுத்தியல்.

முப்பதடி சரிவு இறங்கியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. டாக்டர் பையிலிருந்து பழுப்புக் கறை படிந்த ஒரு வரைபடத்தை மரியாதையோடு பிரித்தார்.

"பாளையக்காரர் காலத்து வரைபடம். இடப்பக்கமே வழி!"

யாசின் அதை முகர்ந்து பார்த்தார். "பாளையக்காரர் காலத்துல டீயில ஏலக்காய் போடுவாங்களா டாக்டரே?"

போதுமணி வரைபடத்தைப் பார்க்கவேயில்லை. அவள் டார்ச்சு சுவரில் ஓடியது. கருத்த பாறைக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. வெங்கச்சாங்கல்! காங்கேயத்துப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே காலில் குத்திக்கொள்ளும் வெள்ளைக்கல். இடப்பக்கம் போன கோடு மங்கிச் சுண்ணாம்பாய் மடிந்தது. வலப்பக்கம் போனது மெல்ல மெல்லத் தெளிந்துகொண்டே போனது.

"வலப்பக்கம் போலாம். தவசி இப்படித்தான் போயிருப்பான்."

"எப்படிச் சொல்கிறாய்?"

"வெங்கச்சாங்கல்லும் உங்க ஸ்படிகமும் ஒரே கல்லுதானுங்க. பாறை வெடிப்புல கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஏறும். அதுல கல்லு கரைஞ்சிருக்கும். அது ஆற ஆற ஓரத்துல படியும். எடம் இல்லாம நெருக்கிப் படிஞ்சா இப்படி வெள்ளையாப் போயிரும். எடமும் இருந்து, அவசரமும் இல்லாம ஆறுச்சுன்னா ஆறு பட்டையோட கண்ணாடியாட்டம் வளரும். கோடு தெளியுதுன்னா முன்னால எங்கியோ பொந்து இருக்குது."

"தவறு!" என்றார் டாக்டர். "இமயத்தின் பனிக்கட்டி ஆயிரம் ஆண்டு உறைந்தால் ஸ்படிகம். அதனால்தான் அது குளிர்ச்சி!"

"காங்கேயத்து வெயில்ல எந்தப் பனிங்க உறைஞ்சுது?" என்று கேட்டுக்கொண்டே போதுமணி அவர் மாலையின் ஒரு மணியைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்தாள். படிகம் உடம்பின் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். அதனால் நெடுநேரம் சில்லென்றே இருக்கும். பட்டறையில் நாளைக்கு நூறு கல்லை இப்படித்தான் சோதிப்பாள். மணி வைத்த மாத்திரத்தில் வெதுவெதுத்தது. "இது படிகமில்லீங்க."

"கண்ணாடியா இருக்கும்," என்றார் யாசின்.

"பொறாமை!" என்றார் டாக்டர். ஆனால் தனியாக இடப்பக்கம் போகவில்லை. வலப்பக்கம், நடு ஆளாக நடந்தார்.

கூரை தாழ்ந்தது. தவழ்ந்தார்கள். முழங்கை சிராய்த்தது. ஓரிடத்தில் டாக்டர் சிக்கிக்கொள்ள, பின்னாலிருந்து யாசின் தள்ளினார். "நெஞ்சு மகா பெருசு டாக்டரே! கொஞ்ச நேரம் பேசாம இருங்க, சுருங்கும்!" பின்னால் எங்கோ, கம்பளியைப் போர்த்தியது போல இடி உறுமியது. சற்று நேரத்தில் கணுக்காலை ஏதோ நக்கியது.

தண்ணீர்! மழை வந்துவிட்டது.

திடீரென்று சுவர் இரண்டும் விலகிப் பெரிய அறை ஒன்று திறந்தது. போதுமணி நின்றாள். அறையைச் சுற்றி ஐந்து பொந்துகள். இதுவரை வழிகாட்டிய வெள்ளைக்கோடு இங்கே நூல் நூலாகப் பிரிந்து ஐந்துக்குள்ளும் போயிற்று. இரண்டில் கல் சரிந்து கிடந்தது.

"தவசீ!"

'சீ... சீ... சீ...' என்று ஐந்து பொந்தும் ஒன்றாகப் பதில் சொல்லின. நடுவே மெலிதாக ஒரு மனிதக் குரல். அது எதிலிருந்து வந்தது? இன்னொரு முறை கத்தினாள். மறுபடி ஐந்தும் கத்தின.

"ஒவ்வொண்ணா ஏறிப் பாக்கலாம்," என்றார் யாசின்.

"ஒண்ணுக்குப் பத்து நிமிஷம் ஆனாலும், அஞ்சு பாக்கறதுக்குள்ள தண்ணி கழுத்துக்கு வந்துரும் பாய்." போதுமணி பொந்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உயிரோடுதான் இருக்கிறான். ஐந்தில் ஒன்றில் இருக்கிறான். தவறான நாலில் நுழைந்தால் இருக்கமாட்டான்.

அவள் கண்ணை மூடி யோசித்தாள். அவனிடம் ஒரே ஒரு டார்ச்சு. ஒன்றரை நாளில் அது செத்திருக்கும். இருட்டு. சின்ன வயதில் கரண்ட் போனால் தவசி அழுவான். அழுகையை நிறுத்த அவள் என்ன செய்வாள்?

"டார்ச்சையெல்லாம் அணைங்க!"

"என்னது?" என்றார் டாக்டர்.

"அணைங்கங்கறேன்! வெங்கச்சாங்கல் ரெண்டை அழுத்தி உரசுனா உள்ளுக்குள்ள வெளிச்சம் வரும். சின்ன வயசுல போர்வைக்குள்ள நாங்க உரசுவோம். டார்ச்சு தீந்திருந்தா அவன் இப்பவும் அதைத்தான் பண்ணுவான். ஆனா அது மின்மினியவிட மங்கல். நம்ம வெளிச்சம் இருந்தாத் தெரியாது. கண்ணு இருட்டுக்குப் பழகோணும், அஞ்சு நிமிசமாவது!"

"இருக்கிற விளக்கை அணைத்துவிட்டுத் தேடுவதா! இது... இது..." டாக்டரின் செந்தமிழ் அங்கேயே கழன்று விழுந்தது. "அம்மிணி, எனக்கு இருட்டுன்னா சின்ன வயசுலயே ஆகாதுங்க!"

"அவனுக்கும் ஆகாதுங்க," என்றாள் போதுமணி.

மூன்றில் முதல் டார்ச்சை அணைத்தது டாக்டர்தான்.

இருட்டென்றால் சாதாரண இருட்டில்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். தண்ணீர் முழங்காலைத் தொட்டது.

"அஞ்சு நிமிசத்தை எப்படிப் பாக்கறது?"

"பேசாதீங்க டாக்டரே, கைக்கடிகாரத்தைக் காதுல வெச்சு எண்ணிட்டிருக்கேன்," என்றார் யாசின். "இதுக்குள்ளயும் அரிசி மணியாட்டம் ஒரு படிகம்தான். கரண்ட் பட்டா வினாடிக்கு முப்பத்திரண்டாயிரம் தடவைக்கு மேல துடிக்குமாம். அதை எண்ணித்தான் முள்ளு ஒரு டிக் நகருது. உங்க மாலை செய்யாத வேலையை இது பேட்டரிக்கே செய்யுது. தொண்ணூத்தி ஒண்ணு... தொண்ணூத்தி ரெண்டு..."

நூற்று நாற்பதில் டாக்டரின் பல் தந்தியடித்தது. நூற்றெண்பதில் யாரோ போதுமணியின் முந்தானையைப் பற்றினார்கள். அது யார் என்று அவள் பிறகு எவரிடமும் சொல்லவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டில்...

"அங்க!"

நான்காவது பொந்தின் அடியில், ஊதி அணைத்த பீடிக்கங்கு போல ஒரு செம்மஞ்சள் மினுக்கம். தோன்றியது, போயிற்று. மறுபடி தோன்றியது!

"கண்ணு பொய் சொல்லுதோ?" என்று முணுமுணுத்தார் யாசின்.

போதுமணி குனிந்து தண்ணீருக்கடியில் துழாவினாள். இரண்டு வெங்கச்சாங்கற்கள் அகப்பட்டன. ஒன்றோடொன்றை அழுத்தி இழுத்தாள். கல்லின் வயிற்றுக்குள் வெளிச்சம் புரண்டது. ஒன்று. இரண்டு. மூன்று. நிறுத்தினாள்.

எதிரே இருட்டு.

ஒன்று. இரண்டு. மூன்று.

"தவசி!" டார்ச்சை ஏற்றிக்கொண்டு அவள் பாய்ந்தாள்.

பொந்தில் பதினைந்தடி தவழ்ந்ததும் வழி அடைபட்டது. அடைத்தது பாறையல்ல. நாற்பது லிட்டர் பால் கேன் அளவில், ஆறு பட்டையும் கூர்முனையுமாக, உள்ளே அழுக்கில்லாத ஒரு படிகம்! குறுகிய இடுக்கில் குறுக்கே விழுந்து ஆப்படித்ததுபோல் இறுகியிருந்தது. இந்தக் கல்லின் வழியாகத்தான் அந்த மினுக்கம் வெளியே வந்திருக்கிறது. கீழே ஒரு சாண் இடைவெளி. அதில் ஐந்து விரல்கள்.

"அக்கா!"

போதுமணி அந்த விரல்களை உடைந்துவிடும்போல் பிடித்தாள்.

"உன்னையெல்லாம்... அடிகிடி பட்டுச்சாடா?"

"கால் மரத்துப் போச்சுக்கா. கல்லைப் பேத்து முன்னால தள்ளுனேன். நான் உள்பக்கம் இக்கட்டால இருக்கறப்பவே சரிஞ்சு வந்து இறுக்கிக்கிச்சு."

"கல்லு பொறுக்கறவன் வெளிய நின்னு பேக்கோணும்னு தெரியாதா?"

"பாத்த சந்தோசத்துல மறந்துட்டேன்க்கா."

தண்ணீர் பாட்டிலை இடுக்கு வழியாகத் தள்ளினாள். கயிற்றைக் கட்டி இழுத்துப் பார்த்தார்கள். வழவழத்த பட்டையில் கயிறு நழுவியது. தள்ளிப் பார்த்தார்கள். அசையவில்லை.

"அக்கா... இங்க பள்ளம். தண்ணி இடுப்புக்கு வந்துருச்சு."

"உடைக்கோணும்," என்றாள் போதுமணி. அண்ணாந்து கூரையை டார்ச்சால் துழாவினாள். மேலே ஒரே பாறை; இந்தக் கல் எதையும் தாங்கி நிற்கவில்லை. "டாக்டர், சுத்தி குடுங்க."

டாக்டர் சுத்தியலை மார்போடு அணைத்துக்கொண்டார். அவர் கண்கள் படிகத்தை விட்டு நகரவில்லை. வாழ்நாளெல்லாம் கண்ணாடியைப் படிகம் என்று விற்றவர், இன்றைக்குத்தான் நிஜப் படிகத்தைப் பார்க்கிறார்! "நூறு வருசத்துக்கு இப்படி ஒண்ணு கெடைக்காதுங்க அம்மிணி. வண்டிக்காரங்க வந்து மெசினு போட்டு முழுசா..."

"தவசியும் ஒண்ணுதான் டாக்டரே," என்றார் யாசின். "அவனுக்கப்புறம் அவங்கம்மா வேற பெத்துக்கலை."

டாக்டர் சுத்தியலை நீட்டினார். "அடிங்க. நான் திரும்பிக்கறேன்."

படிகத்தைக் கண்ட இடத்தில் அடித்தால் சுத்தியல்தான் நோகும். இரும்பால் கீற முடியாத கல். மரக்கட்டைபோல் நேராகப் பிளந்து கொடுக்கவும் செய்யாது. போதுமணி தன் டார்ச்சை இடுக்கு வழியாகத் தம்பியிடம் தள்ளினாள். "அக்கட்டால இருந்து கல்லு மேல அடிடா வெளிச்சத்தை!"

படிகம் பற்றிக்கொண்டதுபோல் ஒளிர்ந்தது. பொந்து முழுக்க வெள்ளை வெளிச்சம். திரும்பிக்கொள்வதாகச் சொன்ன டாக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

போதுமணி அழகைப் பார்க்கவில்லை. குற்றத்தைத் தேடினாள். இதோ! நடுவயிற்றுக்கு மேலே, கல்லுக்குள் வானவில் துண்டுபோல் ஒரு நிறப்படலம். உள்வெடிப்பு. பட்டறையில் ஏழு வருஷமாக அவள் சம்பளம் வாங்குவதே இப்படிப்பட்ட இடத்தில் அடிபடாமல் பார்த்துக்கொள்ளத்தான்.

"தவசி, மூஞ்சியை மூடிட்டுத் திரும்பிக்க!"

முதல் அடி. பொறி பறந்தது. கருகின வாசனை. இரண்டாவது அடி. தங்க வர்ணம் உதிர்ந்தது. தண்ணீர் தொடையில் ஏறியது. வானவில் ஒரு விரற்கடை நீண்டது.

"இன்னொண்ணு அம்மிணி! ஒரே ஒண்ணு!" என்று கத்தியவர் டாக்டர்.

மூன்றாவது அடி!

சிப்பியின் உட்புறம்போல் வளைந்து வளைந்து பெயர்ந்து, கோடை இடிபோல் ஓசையிட்டு, உலகின் மாபெரும் நோய்தீர்க்கும் படிகம் சுக்கலாக விழுந்தது. அதன் வழியாகச் சேறும் தாடியுமாகத் தவசி வெளியே வந்தான்.

கட்டிக்கொள்ள நேரமில்லை. அவனால் நிற்கவும் முடியவில்லை. யாசின் பிடித்துப் பார்த்தார், தள்ளாடினார்.

"நகருங்க பாய்," என்றார் டாக்டர். "இந்த ஒடம்பு வேற எதுக்குங்க?" தவசியை ஒரு மூட்டையைப்போல் முதுகில் ஏற்றிக்கொண்டார்.

கயிற்றைப் பிடித்து ஏறினார்கள். எதிரே வந்த வெள்ளம் மார்பில் மோதியது. தாழ்ந்த கூரைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண்தான் காற்று. முகத்தை அண்ணாந்து, மூக்கைப் பாறையில் உரசிக்கொண்டு, அடி அடியாக! அங்கே மட்டும் டாக்டர் தவசியை முதுகிலிருந்து இறக்கி, மிதக்கவிட்டு இழுத்து, தாண்டியதும் மறுபடி ஏற்றிக்கொண்டார். நடுவழியில் தவசியின் பிடியில் சிக்கி டாக்டரின் மாலை அறுந்தது. நூற்றெட்டு மணியும் வெள்ளத்தில் விழுந்தன. விழுந்தவை ஜாலியாக மிதந்துகொண்டு அவர்களைத் தாண்டிப் போயின.

படிகம் மூழ்கும். கண்ணாடியும் மூழ்கும். மிதப்பது பிளாஸ்டிக் மட்டும்தான்.

"கண்ணாடின்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்குங்க டாக்டரே," என்றார் யாசின், வாயில் புகுந்த தண்ணீரைத் துப்பியபடி. "மரியாதையாப் பேசிட்டேன்."

டாக்டரின் முதுகில் கிடந்த தவசிதான் முதலில் சிரித்தான். பிறகு டாக்டரின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று போதுமணி டார்ச்சைத் திருப்பினாள். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

மேலே ஒரு வெள்ளை வட்டம். மழை. காற்று. வெள்வேல மரம்!

அதே நேரத்தில் தீயணைப்பு வண்டி வந்து நின்றது. பின்னாலேயே உள்ளூர்ச் சேனல்காரரும் வந்தார். தவசியைப் படுக்கவைத்துப் பார்த்த தீயணைப்பு வீரர், "காலு சரியாயிரும். பசிதான் பெரிய வியாதி," என்று ஒரு பன்னைக் கொடுத்தார். போதுமணி இத்தனை நேரம் பத்திரமாக வைத்திருந்த அறையைத் தம்பியின் முதுகில் கொடுத்தாள். பிறகு அதே முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவன் பன்னை விடவில்லை.

"அக்கா, அந்தக் கல்லு எத்தனை பெருசு!"

"உன்ற தலையவிடப் பெருசு. ஆனா அது உள்ள கெட்டி!"

சேனல்காரர் மைக்கை டாக்டரின் முகத்துக்கு நீட்டினார். "ஐயா, படிகம் உயிரைக் காப்பாற்றும் என்று எப்போதும் சொல்வீர்கள். இன்றைக்கு நேரிலேயே பார்த்திருக்கிறீர்கள். நேயர்களுக்கு விளக்க முடியுமா?"

டாக்டரிடம் இதற்கு நாற்பது நிமிஷ உரை தயாராக இருந்தது. அவர் வாயைத் திறந்தார். போதுமணி கையோடு கொண்டுவந்து சேற்றில் போட்டிருந்த சுத்தியலைப் பார்த்தார். பன் தின்கிற தவசியைப் பார்த்தார்.

"காப்பாத்துமுங்க," என்றார். "நேரத்துக்கு உடைச்சா."

அத்துடன் பேட்டி முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை விழாவும் முடிந்தது; பந்தலைப் பக்கத்துத் தெருக் காதுகுத்துக்குக் கொடுத்துவிட்டார். டாக்டர் பட்டத்தை மட்டும் விடவில்லை. ஒரே நாளில் ஒரு மனிதரிடம் அவ்வளவு எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

யாசினின் பழைய காரில் எல்லோரும் ஊருக்குத் திரும்பினார்கள். மழை விட்டிருந்தது. "பெருசா ஒண்ணும் கத்துக்க வேண்டாம் தவசி," என்றார் யாசின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. "எங்க போறேன்னு வீட்டுல நெசத்தைச் சொல்லிட்டுப் போ. அது போதும்."

"சரிங்க பாய்."

"இப்ப எங்கடா போறோம்?" என்றாள் போதுமணி.

"வீட்டுக்கு."

"இன்னொருக்காச் சொல்லு."

"வீட்டுக்குத்தான்க்கா!"

காங்கேயம் வரும்வரை அவள் அவனுடைய சட்டைக் காலரை விடவேயில்லை.